மிசின் ஸ்டாட் வரேல்லையா? காபரேற்றரைக் கழட்டித் துப்பரவாக்கிற விதம்

மாரிக்கு முதல் கொட்டிலுக்குள்ள தள்ளிவிட்ட தண்ணி இறைக்கிற மிசினை மாசி, பங்குனியில கிணத்தடிக்குக் கொண்டுபோய்க் கயிறு இழுத்தால் அனேகமா வராது. தோள்மூட்டு நோகிறதுதான் மிச்சம். பிழை மிசினில இல்லை, தாங்கியில விட்டுவைச்ச எண்ணெயில. பெற்றோலின்ர மெல்லிசான பகுதி ஆவியாப் போயிடும். கனமான மிச்சம், எண்ணெயையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்குக் குடுக்கிற காபரேற்றரின்ர அடிக் கோப்பையில மஞ்சளா நிண்டு, பிறகு மண்ணிறமாகி, கடைசியில பிசினா உறைஞ்சிடும். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத ஓட்டைக்குள்ளால எண்ணெய் வரவேண்டிய இடத்தில பிசின் நிண்டால் மிசின் என்ன செய்யும்?

நான் முல்லைத்தீவில முத்தையன்கட்டுக் குளத்தின்ர இடதுகரையில கச்சானும் மிளகாயும் வைக்கிறன். எனக்குக் கராச் இல்லை. என்ர சின்னையா 1990களின்ர பொருளாதாரத் தடைக்காலத்தில மோட்டச்சைக்கிள் திருத்தினவர். அவர் கழட்டித் தாற சாமானைப் பேணியில வாங்கி, ஒழுங்கு மாறாமல் அடுக்கி வைக்கிறது அப்ப என்ர வேலை. அந்தப் பழக்கத்தில வந்ததுதான் இது. இப்ப அயலில இருக்கிற அக்காமார், பெடியள் சைக்கிள் கரியரில மிசினைக் கட்டிக்கொண்டு வருவினம். ஒட்டுசுட்டானுக்கோ புதுக்குடியிருப்புக்கோ ஏத்திக்கொண்டு போய் நாலைஞ்சு நாள் விட்டிட்டு வந்தால், கச்சான் பூத்து விழுது இறக்கிற நேரத்தில தண்ணி தவறிப்போகும். அதால வீட்டிலயே செய்யக்கூடிய அளவை எழுதுறன்.

நான் சொல்லுறது ஐஞ்சரை குதிரைவலு எண்டு விக்கிற ஹொண்டா ஜிஎக்ஸ் 160 உம் அதைப் பாத்துச் செய்த சைனா மிசின்களும். எங்கட பக்கம் கிணத்தடியில நிக்கிற இரண்டிஞ்சிக் குழாய் மிசினில கனக்க இந்த வகைதான். கனக்கச் சின்ன ஜெனரேற்றரிலயும் இதே மாதிரிக் காபரேற்றர்தான் இருக்கும். லாண்ட்மாஸ்டர், அதான் இரண்டு சில்லு உழவு மிசின், டீசல், அதில காபரேற்றரே இல்லை. தோளில கொழுவி மருந்தடிக்கிற மிசினின்ர கதை வேற, அதை இதில சேர்க்கேல்லை.

கழட்ட முதல்

எல்லாரும் எடுத்த உடன ஸ்பனரோட காபரேற்றருக்குத்தான் போவினம். கொஞ்சம் பொறுங்கோ.

முதல் இஞ்சின் ஒயிலைப் பாருங்கோ. சில மிசின்களில ஒயில் குறைஞ்சால் பிளக்கின்ர நெருப்பை வெட்டிற சென்சர் இருக்கு. மிசினை வரம்பில சரிவா வைச்சாலும் அது ஒயில் இல்லை எண்டு நினைச்சு வெட்டிப்போடும். மட்டமான இடத்தில வைச்சு இழுத்துப் பாருங்கோ. இப்படிச் சமன் நிலத்தில வைச்ச உடனயே ஓடின மிசினும் என்னட்ட வந்திருக்கு.

தாங்கி மூடியில ஒரு சின்னக் காத்தோட்டை இருக்கு. அது புழுதியால அடைபட்டால் மிசின் கொஞ்ச நேரம் வடிவா ஓடி, பிறகு மூச்சடைச்சு நிக்கும். மூடியைத் தளர்த்திவிட்டால் திரும்ப ஓடும். அப்படி ஓடினால் மூடியை மட்டும் துப்பரவாக்கினால் காணும்.

எயார் பில்டரையும் கழட்டிப் பாருங்கோ. சோளகம் வீசத் தொடங்கினால் ஒரு கிழமையிலயே பஞ்சு மண்நிறமாகிடும். கரும்புகை வருகுது, இழுவை இல்லை எண்டால் அனேகமாப் பில்டர்தான். பஞ்சை சவர்க்காரத் தண்ணியில கழுவி, நல்லாக் காயவைச்சு, கொஞ்சம் இஞ்சின் ஒயில் விட்டுப் பிழிஞ்சு போடுங்கோ.

இனிப் பிளக். பல தரம் இழுத்த பிறகும் பிளக் முனை காஞ்சு கிடந்தால் எண்ணெய் வரேல்லை. நனைஞ்சு பெற்றோல் மணந்தால் எண்ணெய் வருது, பிழை நெருப்பில அல்லது சோக்கை, அதான் காத்தைக் குறைக்கிற தடியை, மூடிவைச்சு அளவுக்கு மிஞ்சி இழுத்ததில.

கடைசிச் சோதனை சின்னையா காட்டித் தந்தது. 1990களில வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில மோட்டச்சைக்கிளே மண்ணெண்ணெயிலதான் ஓடினது. குளிர்ந்த இஞ்சினில மண்ணெண்ணெய் பத்தி எரியாது எண்டதால, சின்ன பிளாஸ்ரிக் போத்தலால ஒரு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்டாட் எடுப்பினம். அதே வேலையை நான் இப்ப சோதனைக்குச் செய்யிறன். பில்டரைக் கழட்டி, காபரேற்றரின்ர காத்துப் போற வாய்க்குள்ள நாலைஞ்சு துளி பெற்றோல் விட்டு, பில்டர் மூடியைத் திரும்பப் போட்டிட்டு இழுங்கோ. மூடாமல் இழுக்கக் கூடாது, சிலவேளை வாயால நெருப்புத் திருப்பி அடிக்கும். இரண்டு மூண்டு செக்கன் ஓடி நிண்டால் நெருப்பும் சரி, அமுக்கமும் சரி, காபரேற்றர்தான் எண்ணெய் குடுக்கேல்லை. இதுக்கும் ஒரு அசுமாத்தமும் இல்லையெண்டால் காபரேற்றரைக் கழட்டிப் பிரயோசனம் இல்லை. வேற இடத்தில தேடுங்கோ.

ஓடுற மிசினும் காட்டித் தரும். சோக்கை அரைவாசி மூடி வைச்சால்தான் ஓடுது எண்டால் ஜெற், அதாவது எண்ணெய் வாற சின்ன ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு, பாதி அடைச்சிருக்கு. வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினாலும் அதேதான், இல்லாட்டி சாமானுக்கிடையில அடைப்புக்குப் போடுற கஸ்கெற்றுக்குள்ளால காத்து இழுக்குது. பில்டர் பக்கத்தால பெற்றோல் ஒழுகினால், கோப்பை நிரம்பின உடன எண்ணெயை நிப்பாட்டிற மிதவையின்ர ஊசி சரியா மூடேல்லை.

எடுத்து வைக்க வேண்டியது

பத்தாம் நம்பர் ஸ்பனர், பிளக் சாவி, ஒரு நட்சத்திர ட்றைவர், ஜெற்றின்ர வெட்டுக்கு நிறைஞ்சு இருக்கிற ஒரு தட்டை ட்றைவர். மெல்லிசான ட்றைவரைப் போட்டுத் திருகினால் பித்தளை வெட்டு உடைஞ்சு, பிறகு ஒருத்தராலயும் கழட்டேலாமல் போகும். சாமான் போட ஒரு வெள்ளைப் பேணி, கீழ விரிக்க ஒரு வெளிர் நிறச் சீலை. சாக்கில வைச்சுக் கழட்டாதேங்கோ. சின்ன ஊசி சாக்கு நூலுக்குள்ள போனால் கண்டுபிடிக்கேலாது.

காத்தடிக்க சைக்கிள் பம்பும், பந்துக்குக் காத்தடிக்கிற ஊசியும். ஓட்டை எடுக்கத் தங்கூசி, அதான் மீன்பிடிக்கிற நைலோன் நரம்பு. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஆரையும் கேட்டால் மெல்லிசிலயிருந்து மொத்தம் வரைக்கும் ஒரு முழம் வெட்டித் தருவினம். இல்லாட்டிப் பழைய வயருக்குள்ள இருக்கிற செப்புத் தும்பில ஒண்டு.

காபரேற்றர் கிளீனர் ஸ்பிரே கிளிநொச்சியில மோட்டச்சைக்கிள் சாமான் கடையளில வாங்கலாம். அது இருந்தால் வேலை சுகம். இல்லாட்டிப் புதுப் பெற்றோல் போதும், ஊறவிட நேரம் வேணும், அவ்வளவுதான். தின்னர் பிசினைக் கரைக்கும், ஆனால் றப்பரையும் சேர்த்து ஊதப்பண்ணும். தேசிக்காய்த் தண்ணியில காபரேற்றரை அவிக்கிற ஆக்களும் இருக்கினம். உள்ள தண்ணி நிண்டு பூத்த வெள்ளைப் பொடிக்கு அது கேக்கும், பெற்றோல் பிசினுக்குக் கேக்காது. கனநேரம் விட்டால் புளிப்பு உலோகத்தையே அரிக்கும். எனக்கு அந்த வைத்தியத்தில விருப்பமில்லை.

மிசின் நல்லா ஆறியிருக்க வேணும். வெளியில, காத்தோட்டமான இடத்தில இருந்து செய்யுங்கோ. பெற்றோல் ஆவி நிலத்தோடதான் ஓடும். அடுப்படி பத்து அடி தள்ளி இருக்கு எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ. பிளக் தொப்பியைக் கழட்டி விடுங்கோ. பீடி, சுருட்டோட பக்கத்தில வந்து குந்துற ஆக்களை மரியாதையா அங்கால அனுப்புங்கோ. பழைய எண்ணெயைக் கிணத்தடியில ஊத்தாதேங்கோ, அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறம்.

கோப்பையை மட்டும் கழட்டுறது

முழுக் காபரேற்றரையும் கழட்டத் தேவையில்லாமல், கோப்பையையும் பெரிய ஜெற்றையும் மட்டும் கழட்டித் துப்பரவாக்கினாலே கனக்க மிசின் வந்திடும். அதால இதைத்தான் முதல் செய்யிறது.

எண்ணெய்க் குழாயின்ர பூட்டுத் தடியைத் திருப்பி எண்ணெய் வராமல் மூடுங்கோ. பூட்டுத் தடிக்குக் கீழ ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில தண்ணியும் மண்டியும் அடையும். பத்தாம் நம்பர் ஸ்பனரால கழட்டிக் கழுவுங்கோ. அதுக்குள்ள இருக்கிற றப்பர் வளையம் விழுந்திடும், கவனம்.

கோப்பையில இரண்டு போல்ட் தெரியும். சரிவா இருக்கிறது எண்ணெய் வடிக்கிறதுக்கு. நடுவில நேரா இருக்கிறதுதான் கோப்பையைப் பிடிக்கிறது. முதல் சரிவானதைத் தளர்த்தி எண்ணெயைப் பேணியில பிடியுங்கோ. அந்த எண்ணெயைப் பாருங்கோ: அடியில தனியா உருளுற குமிழ் தண்ணி, செம்மண் நிறத் தூள் தாங்கி கறள் பிடிச்சது, வார்னிஷ் மணம் பழைய பெற்றோல். தண்ணியோ கறளோ எண்டால் தாங்கியையும் கழுவாமல் காபரேற்றரை மட்டும் துப்பரவாக்கிறது வீண்வேலை, ரெண்டு நாளில திரும்ப அடைக்கும்.

பிறகு நடு போல்ட்டைக் கழட்டினால் கோப்பை கையோட வரும். அதின்ர விளிம்பு றப்பரையும் போல்ட்டின்ர வாசரையும் தொலைக்காதேங்கோ. இப்ப மேலயிருந்து ஒரு தூண் இறங்கி நிக்கும். அந்தத் தூணுக்குள்ள, கீழயிருந்து பாத்தால் பித்தளையில ஒரு வெட்டுத் தெரியும். அதுதான் பெரிய ஜெற். ட்றைவரை நேரா வைச்சு, நல்லா அமத்தி, ஒரே மூச்சில திருகுங்கோ. அசையாட்டிக் கிளீனரோ பெற்றோலோ விட்டு ஊறவிடுங்கோ. அவசரப்பட்டு வெட்டை உடைக்காதேங்கோ.

ஜெற் வந்த பிறகு அதுக்கு மேல ஒரு பித்தளைக் குழல் இருக்கு, பக்கவாட்டில நிறையச் சின்ன ஓட்டையோட. கனபேர் இதை மறந்து விடுவினம். காபரேற்றரின்ர வாய்க்குள்ளால ஈர்க்கால மெல்லத் தள்ளினால் கீழ விழும். அந்தப் பக்க ஓட்டையள் அடைச்சிருந்தால் ஜெற் சுத்தமாயிருந்தும் மிசின் திக்கித் திக்கித்தான் ஓடும்.

இப்ப ஜெற்றை வானத்தைப் பாத்துப் பிடியுங்கோ. வெளிச்சம் வட்டமா, ஓரம் வெட்டுப்படாமல் தெரியவேணும். பிறை வடிவாத் தெரிஞ்சால் பிசின் இன்னும் ஒட்டியிருக்கு. ஊசி, ஊக்கு, உருக்குக் கம்பி ஒண்டும் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. ஜெற் பித்தளை, ஊசி உருக்கு. ஒருக்கால் குத்தினால் ஓட்டை அகலும். அகண்ட ஓட்டையால கூட எண்ணெய் போகும், கரும்புகை வரும், பிளக் கருகும், ஒவ்வொரு இறைப்புக்கும் கூடப் பெற்றோல் குடிக்கும். அதைத் திரும்பச் சின்னனாக்க வழியில்லை, புது ஜெற்தான் வாங்க வேணும். பேணிக்குள்ள பெற்றோல் விட்டு ஜெற்றையும் குழலையும் இரவு ஊறவிட்டு, விடியத் தங்கூசியை இரண்டு பக்கத்தாலயும் விட்டு எடுத்து, பம்பால காத்தடிச்சுப் பாருங்கோ. பொறுமை இருந்தால் எந்தப் பிசினும் இளகும்.

இதோட திரும்பப் பூட்டி இழுத்துப் பாருங்கோ. ஓடினால் அங்கயே நிப்பாட்டுங்கோ. இன்னும் கொஞ்சம் நல்லாக்குவம் எண்டு தேவையில்லாமல் கழட்டாதேங்கோ.

முழுக்கக் கழட்ட வேண்டி வந்தால்

கழட்ட முதல் கைத்தொலைபேசியால படம் எடுங்கோ, மேலால ஒண்டு, பக்கத்தால ஒண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திறொட்டில் கம்பி எந்த ஓட்டையில, அதோட ஓடுற மெல்லிய ஸ்பிறிங் எந்த ஓட்டையில எண்டு தெரியவேணும். அந்த ஸ்பிறிங்கை இழுத்து நீட்டினால் மிசினின்ர வேகமே மாறிப்போகும்.

பில்டர்ப் பெட்டியைப் பிடிக்கிற இரண்டு நட்டும் பத்தாம் நம்பர்தான். கழட்டி, எண்ணெய்க் குழாயையும் இழுத்து எடுத்தால் காபரேற்றர் இரண்டு நீள போல்டிலயும் வழுக்கி வெளிய வரும். காபரேற்றரைக் கொஞ்சம் சரிச்சுத் திருப்பினால் கம்பி தானாக் கழரும், வளைக்கத் தேவையில்லை. இஞ்சினுக்கும் காபரேற்றருக்கும் இடையில தடிச்ச கறுப்புத் துண்டு ஒண்டும் இரண்டு பக்கமும் கஸ்கெற்றும் இருக்கு. எந்த ஒழுங்கில வந்ததோ அந்த ஒழுங்கிலயே சீலையில அடுக்குங்கோ. கஸ்கெற் கிழிஞ்சால் புதுசு போடுங்கோ. கொப்பி மட்டை வெட்டிப் போடுற கெட்டித்தனம் பெற்றோலில ஊறினதோட போயிடும்.

மிதவையின்ர ஊசித்தண்டைப் பக்கவாட்டில தள்ளினால் மிதவையும் அதில தொங்குற கூர் ஊசியும் வரும். மிதவையைக் காதோட வைச்சு ஆட்டுங்கோ. உள்ள எண்ணெய் குலுங்கினால் ஓட்டை, மாத்த வேணும். ஊசியின்ர கூர் முனையில வளையமாத் தேஞ்ச தடம் இருந்தால் அதுவும் மாத்தத்தான் வேணும். மலிவான சாமான், ஆனால் தேஞ்சதைப் போட்டால் இரவிரவாப் பெற்றோல் ஒழுகி, இஞ்சின் ஒயிலுக்குள்ளயும் இறங்கும்.

சின்ன ஜெற், அதாவது மெதுவா ஓடேக்க எண்ணெய் குடுக்கிற ஐடில் ஜெற், மேல்பக்கத்தில ஐடில் ஸ்குறூவுக்குக் கீழ பிளாஸ்ரிக் தொப்பியா இருக்கும். ஸ்குறூவைக் கழட்டினால் மெல்ல நெம்பி எடுக்கலாம். இதின்ர ஓட்டை பெரிய ஜெற்றைவிடச் சின்னது, தங்கூசியும் போகாது. ஊறவிட்டுக் காத்தடிக்கிறதுதான் ஒரே வழி. மிசின் ஏறி இறங்கி ஓடுற வருத்தத்தில முக்கால்வாசி இந்தத் துண்டுக்குள்ளதான். கலவை ஸ்குறூவில தடுப்புத் தொப்பி இருந்தால் அதைத் தொடாதேங்கோ. தொப்பி இல்லாத சைனா வகையெண்டால், கழட்ட முதல் உள்ள மெல்லமாத் திருகி, முட்டுமட்டும் எத்தினை சுத்து எண்டு எண்ணி எழுதிப்போட்டுக் கழட்டுங்கோ. பூட்டேக்க அதே அளவு.

இனி ஒவ்வொரு ஓட்டையிலயும் கிளீனர் அடியுங்கோ. திறொட்டில் தகட்டுக்குப் பக்கத்தில ஊசிக் கண்ணளவில சில ஓட்டையள் இருக்கு, அதுக்கும். ஒரு ஓட்டையில அடிச்சால் எந்த ஓட்டையால வருகுது எண்டு பாருங்கோ, வராத வழிதான் அடைப்பு. முகத்தைக் கிட்ட வைக்காதேங்கோ, அடிச்சது வேற ஓட்டையால திரும்பிக் கண்ணுக்குள்ள பாயும். கண்ணாடி இல்லாட்டி மோட்டச்சைக்கிள் ஹெல்மெற்றின்ர கண்ணாடியை இறக்கிவிட்டிட்டுச் செய்யுங்கோ. சிரிக்கிறவை சிரிக்கட்டும். கிணத்துத் தண்ணியால கழுவுறது வேண்டாம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, காஞ்ச பிறகு அது தனி அடைப்பு.

திரும்பப் பூட்டுறது

மிதவையைப் பூட்டின உடன ஒரு சோதனை. காபரேற்றரை நிமித்தி வைச்சு எண்ணெய் வாற குழாயில துண்டு றப்பர் கொழுவி வாயால ஊதுங்கோ, காத்துப் போகவேணும். தலைகீழாப் பிடிச்சு ஊதினால் நிக்கவேணும். நிக்காட்டி ஊசியோ அது இருக்கிற இடமோ சுத்தமில்லை. ஊதலாம், உறிஞ்சக் கூடாது. பெற்றோல் நெஞ்சுக்குள்ள போனால் ஆஸ்பத்திரிதான்.

கஸ்கெற் ஓட்டையள் நேருக்கு நேர் வரவேணும். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. கோப்பை போல்ட்டில பலம் காட்ட வேண்டாம், மெல்லிய உலோகம், புரி போனால் காபரேற்றரே போச்சு. குழாயைத் திறந்து சில நிமிஷம் பாத்துக்கொண்டிருங்கோ. ஒழுக்கு இல்லையெண்டால் பிளக் தொப்பியைப் போட்டு, சோக்கை மூடி இழுங்கோ. முதல் இழுவைகளில வராது, கோப்பை நிரம்ப வேணும். வந்த பிறகு சோக்கை மெல்ல மெல்லத் திறவுங்கோ. முழுக்கத் திறந்தும் சீரா ஓடினால் வேலை சரி. தண்ணி விடாமல் மிசினைக் கனநேரம் ஓட்டிப் பாக்காதேங்கோ, பம்பின்ர சீல் கருகிடும்.

மண்ணெண்ணெயில ஓட்டுற ஆக்களுக்கு

இதுக்கெண்டே செய்த மிசினில இரண்டு தாங்கி இருக்கும். பெற்றோலில எடுத்து, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. எல்லாரும் இதைச் செய்வினம். நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்ச நேரம் ஓட்டவேணும், அதைத்தான் செய்யிறேல்லை. கோப்பைக்குள்ள மண்ணெண்ணெய் நிண்டால் அடுத்தநாள் குளிர்ந்த மிசின் வராது. அதைக் காபரேற்றர் அடைச்சிட்டுது எண்டு தூக்கிக்கொண்டு வருவினம். வடிக்கிற போல்ட்டைத் திறந்து ஊத்திவிட்டால் முடிஞ்சுது.

பெற்றோல் மிசினுக்கு மண்ணெண்ணெய் கலக்கிறது வேற. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள்ள இறங்கி ஒயில் தண்ணியாகும், அளவுகோலில மட்டம் கூடித் தெரியும், மணக்கும். லீற்றர் 87 ரூபாய் வித்த காலத்தில ஆசைப்பட்டதில ஒரு நியாயம் இருந்தது. 2022 ஆவணியில அது ஒரே இரவில 340 ரூபாய்க்கு ஏறினது. அதுக்குப் பிறகும் அந்தப் பழைய பழக்கத்தில கலக்கிற ஆக்களை எனக்கு விளங்கேல்லை.

மழைக்கு முதல்

ஐப்பசியில கடைசி இறைப்பு முடிய, தாங்கியை முழுக்க வடியுங்கோ. குழாயைப் பூட்டிவிட்டு, மிசின் தானா நிக்குமட்டும் ஓட்டுங்கோ. பிறகும் கோப்பையின்ர வடி போல்ட்டைத் திறந்து மிச்சத்தை எடுங்கோ, அடியில எப்பவும் ஒரு கரண்டி நிக்கும். கயிறை மெல்ல இழுத்து, பாரமா முட்டுற இடத்தில விட்டால் வால்வு இரண்டும் மூடி நிக்கும், ஈரக்காத்து உள்ள போகாது. பொலித்தீனால சுத்தாதேங்கோ, உள்ள வேர்க்கும். சாக்குப் போதும். சாக்குக்குள்ள எலி கூடு கட்டும் எண்டதால பில்டர்ப் பெட்டியின்ர வாயில கம்பிவலைத் துண்டு ஒண்டு வைச்சுக் கட்டுங்கோ, பங்குனியில எடுக்க மறக்காதேங்கோ.

வடிச்ச பெற்றோலை மோட்டச்சைக்கிளில விட்டு ஓடி முடியுங்கோ. 2022 இல எண்ணெய்த் தட்டுப்பாட்டில கியூஆர் பங்கீட்டு வரிசையில நிண்டு வாங்கினதிலயிருந்து எங்கட ஆக்களுக்கு எண்ணெயை ஊத்த மனம் வராது, கானில அடுத்த போகத்துக்கு வைப்பினம். வைக்கிறதெண்டால் வாங்கின மாதத்தைக் கானில மாக்கரால எழுதி வையுங்கோ. மூண்டு மாதம் தாண்டினதை மிசினுக்கு விடாமல், ஜெற் ஊறப்போடுற பேணிக்கு எடுங்கோ.